சந்திரப் பாறைக்கு வயது சொன்ன "சோம்பேறி" வாயு!

1969-ம் ஆண்டு ஜூலை மாதம் 24-ந் தேதி. பசிபிக் மகா சமுத்திரத்தில் அப்பல்லோ-11 விண்கலம் வந்து இறங்கியது. ஆம்ஸ்டிராங், ஆல்டிரின், காலின்ஸ் ஆகிய மூன்று வீரர்களைக் காண உலகமே காத்துக் கிடந்தது. ஆனால் விஞ்ஞானிகளின் கண்கள் அவர்களுடன் வந்த இரண்டு பெட்டிகள் மீதே இருந்தன. சந்திரனில் இருந்து எடுத்து வந்த கல்லும் மண்ணும் அவற்றில் இருந்தன. மொத்த எடை ஏறத்தாழ 21½ கிலோ.

அந்தக் கற்களிடம் விஞ்ஞானிகள் கேட்க விரும்பிய முதல் கேள்வி, நாம் புதிதாகச் சந்திக்கும் ஒருவரிடம் கேட்கும் கேள்விதான்.

"உனக்கு வயது என்ன?"

கல் பேசுமா? பேசியது. கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அடைபட்டுக் கிடந்த ஒரு வாயு அதைப் பேச வைத்தது. அந்த வாயுவின் பெயர் ஆர்கான். கிரேக்க மொழியில் அதற்குச் "சோம்பேறி" என்று பொருள்!

குளிர்ந்த சந்திரனா, கொதித்த சந்திரனா?

பௌர்ணமி இரவில் குழந்தைக்குச் சோறு ஊட்டும் தாய், சந்திரனில் தெரியும் கறுப்புத் திட்டுகளைக் காட்டி, "அதோ பார், பாட்டி வடை சுடுகிறாள்" என்பாள். சிலர் அதை முயல் என்பார்கள். மேல்நாட்டார் ஒரு காலத்தில் அவற்றைக் கடல்கள் என்று நினைத்து "அமைதிக் கடல்", "மழைக் கடல்" என்றெல்லாம் பெயர் வைத்து விட்டார்கள். அப்பல்லோ-11 இறங்கியது அந்த அமைதிக் கடலில்தான். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஓடவில்லை என்பது வேறு விஷயம்.

அப்படியானால் அந்தக் கறுப்புத் திட்டுகள் யாவை? இதில் பெரிய சர்ச்சை இருந்தது. நோபல் பரிசு பெற்ற அமெரிக்க ரசாயன மேதை ஹரால்டு யூரே, சந்திரன் பிறந்தது முதல் குளிர்ந்தே இருந்த ஓர் உருண்டை என்று வாதித்து வந்தார். வேறு பலரோ, அவை எரிமலைக் குழம்பு ஓடிப் பரவி உறைந்த சமவெளிகள் என்றனர்.

எரிமலைக் குழம்பு என்றால் அது ஓடியது எப்போது? நேற்றா, ஆதியிலா? வயது தெரிந்தால்தான் வழக்கு தீரும்.

நாழிகை வட்டில்

கடிகாரம் இல்லாத காலத்தில் நம் முன்னோர்கள் நாழிகை வட்டில் வைத்துப் பொழுதை அளந்தார்கள். சிறு துவாரத்தின் வழியாகத் தண்ணீர் ஒரே சீராகக் கசியும். சேர்ந்த தண்ணீரைப் பார்த்து நேரத்தைச் சொல்லி விடுவார்கள். பாறைக்குள்ளும் இதைப் போன்ற ஏற்பாடு ஒன்றை இயற்கை வைத்திருக்கிறது.

பாறைகளில் பொட்டாசியம் என்ற தனிமம் சிறிதளவு உண்டு. நாம் உண்ணும் வாழைப்பழத்திலும், குடிக்கும் இளநீரிலும் இருப்பது இதே பொட்டாசியம்தான். பொட்டாசிய அணுக்கள் பத்தாயிரத்தில் ஏறத்தாழ ஒன்று, பொட்டாசியம்-40 என்ற வகையைச் சேர்ந்தது. இது நிலையற்றது, தானே சிதையும். நூறு அணுக்கள் சிதைந்தால், அவற்றில் 89 கால்சியமாகவும் 11 ஆர்கான்-40 வாயுவாகவும் மாறுகின்றன.

இந்தச் சிதைவு மிக மிக மெதுவாக நடப்பது. இருக்கும் அணுக்களில் பாதி சிதைவதற்கு 125 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மீதியில் பாதி சிதைய இன்னும் ஒரு 125 கோடி. இப்படியே 375 கோடி ஆண்டுகள் போனால் எட்டில் ஒரு பங்குதான் எஞ்சி நிற்கும். வெயிலோ மழையோ குளிரோ இந்தக் கணக்கை மாற்றுவதில்லை.

பொட்டாசியம் ஆர்கானாக மாறக்கூடும் என்று ஜெர்மன் விஞ்ஞானி வான் வைசாக்கர் 1937-ம் ஆண்டில் ஊகித்தார். பழைய கனிமங்களில் இந்த ஆர்கான் சேர்ந்திருப்பதை 1948-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஆல்டிரிச், நீர் ஆகியோர் நிரூபித்தனர்.

எரிமலைக் குழம்பு கொதித்துக் கொண்டிருக்கும்போது உள்ளே இருக்கும் ஆர்கான் குமிழியிட்டு வெளியேறி விடும். எதனுடனும் சேராத சோம்பேறி வாயு ஆயிற்றே! குழம்பு ஆறிக் கல்லாகும்போது வட்டில் காலியாக இருக்கும். அன்று முதல் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பிறக்கும் ஒவ்வோர் ஆர்கான் அணுவும் கல்லுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும். கல்லில் உள்ள பொட்டாசியத்தையும் ஆர்கானையும் அளந்தால், கல் ஆறி எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்கிட்டு விடலாம்.

ஓட்டை வட்டில்

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. வட்டிலில் ஓட்டை விழுந்திருந்தால்?

சந்திரனில் காற்று மண்டலம் இல்லை. விண்கற்கள் எரிந்து போகாமல் நேரே வந்து தரையில் மோதும். அந்த அதிர்ச்சியில் பாறைகள் உடைந்து தூரத்தில் போய் விழும், சூடேறும். சூடேறினால் சேர்ந்த ஆர்கானில் ஒரு பகுதி தப்பி ஓடி விடும். எவ்வளவு ஓடியது என்று பழைய முறையில் கண்டுபிடிக்க வழியில்லை. வாயு குறைந்திருப்பதைப் பார்த்து, கிழவனை வாலிபன் என்று கூறி விடும் அபாயம் இருந்தது.

இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய முறையில் கல்லை இரண்டாக்கி, ஒரு துண்டில் பொட்டாசியத்தையும் மறு துண்டில் ஆர்கானையும் அளக்க வேண்டும். இரண்டு துண்டும் ஒன்று போலவே இருக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்? அதிலும், கோடிக்கணக்கில் பணம் செலவிட்டு, உயிரைப் பணயம் வைத்துக் கொண்டு வந்த கல்லை யார் அள்ளி அள்ளிக் கொடுப்பார்கள்?

மலையில் மாண்ட இளைஞர்

இதற்கு விடை சந்திரப் பயணத்துக்கு முன்பே தயாராகி இருந்தது. பொட்டாசியத்தில் பெரும் பகுதி, சிதையாத பொட்டாசியம்-39 என்ற வகை. இதை அணு உலையில் வைத்து நியூட்ரான் துகள்களால் தாக்கினால், அதில் ஒரு சிறு பங்கு ஆர்கான்-39 ஆக மாறி விடுகிறது. ஆக, பொட்டாசியத்தைத் தனியே அளக்க வேண்டியதில்லை. ஆர்கான்-39 எவ்வளவு என்று பார்த்தாலே பொட்டாசியம் எவ்வளவு என்று தெரிந்து விடும். இரண்டு ஆர்கான்களும் ஒரே துண்டிலிருந்து, ஒரே சமயத்தில் வெளிவரும். அவற்றின் விகிதமே வயது!

ஐஸ்லாந்து விஞ்ஞானி சிகுர்கெய்ர்சன் 1962-லேயே இந்த யோசனையைத் தம் தாய்மொழியில் எழுதி வைத்தார். வெளியுலகின் கண்ணில் அது படவில்லை. பின்னர் கிரெய்க் மெரிஹியூ என்ற அமெரிக்க இளைஞர், விண்கற்களை ஆராய்ந்து கொண்டிருந்தபோது இதே வழியைக் கண்டார். அவர் மலையேற்றத்தில் ஆர்வம் மிக்கவர். 1965-ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில் பனிச் சரிவில் ஏறியபோது விழுந்து உயிரிழந்தார்.

அவர் விட்டுச் சென்ற வேலையை முடித்தவர் கிரென்வில் டர்னர் என்ற ஆங்கிலேயர். 1966-ல் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரையில், மறைந்த நண்பர் பெயரும் டர்னர் பெயரும் சேர்ந்தே இடம் பெற்றன. மூன்று ஆண்டுகளில் மனிதன் சந்திரனில் கால் வைத்தான். இங்கிலாந்தில் ஷெபீல்டு பல்கலைக்கழகத்தில் இருந்த டர்னரின் ஆய்வுக் கூடத்துக்குச் சந்திரப் பாறைத் துண்டுகள் வந்து சேர்ந்தன.

படிப்படியாகச் சூடு

டர்னர் செய்தது என்ன?

முதலில் கல் துண்டுகள் அணு உலைக்குப் போயின. அவற்றுடன் வயது திட்டமாகத் தெரிந்த பூமிக் கல் ஒன்றும் சாட்சியாகப் போயிற்று. உலையில் எவ்வளவு பொட்டாசியம் ஆர்கானாக மாறியது என்பதை இந்தச் சாட்சிக் கல்லை வைத்துத் தெரிந்து கொள்ளலாம்.

பிறகு, காற்று நீக்கிய குழாயில் கல்லை வைத்துச் சூடேற்றினார். ஒரேயடியாக அல்ல, படிப்படியாக. சில நூறு டிகிரியில் கொஞ்சம் வாயு வரும். அதை அணுக்களை எடை வாரியாகப் பிரித்து எண்ணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவிக்குள் செலுத்தி அளப்பார். மறுபடி சூட்டைக் கூட்டுவார், மறுபடி அளப்பார். கடைசியில் கல் உருகும் வரையில் இப்படியே நடக்கும். வெங்காயத்தைத் தோல் தோலாக உரிப்பது போன்ற வேலை.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பழைய காலத்தில் கல் சூடுபட்டபோது, எளிதில் வெளியேறக்கூடிய இடங்களில் இருந்த ஆர்கான்தான் முதலில் ஓடியிருக்கும். ஆகவே, குறைந்த சூட்டில் வரும் வாயு குறைந்த வயதைக் காட்டும். சூடு ஏற ஏற, கல்லின் ஆழத்தில் பத்திரமாகப் பூட்டிக் கிடந்த வாயு வெளிவரும். அப்போது வயது உயர்ந்து, பிறகு ஒரே அளவில் நிற்கும். அடுத்தடுத்த படிகளில் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அதை நம்பலாம். நீதிமன்றத்தில் தனித்தனியே விசாரிக்கப்பட்ட பல சாட்சிகள் ஒரே கதையைச் சொல்வது போல!

370 கோடி ஆண்டுகள்

1970-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஹூஸ்டன் நகரில் உலக விஞ்ஞானிகள் கூடினார்கள். சந்திரக் கற்களைப் பற்றிய முடிவுகள் அங்கே ஒவ்வொன்றாக வெளியாயின. அதே மாதம் டர்னரின் கட்டுரையும் வெளிவந்தது.

அப்பல்லோ-11 கொண்டு வந்த ஏழு பாறைகளை அவர் ஆராய்ந்திருந்தார். அவற்றில் சில 7 சதவீத ஆர்கானை மட்டும் இழந்திருந்தன. சில 48 சதவீதம் அல்லது அதற்கும் மேல் இழந்திருந்தன. இழப்பைச் சரி செய்து பார்த்தபோது, வயதுகள் எல்லாம் 370 கோடி ஆண்டுகளை ஒட்டியே வந்து நின்றன!

48 சதவீதம் வாயுவைப் பறிகொடுத்த பாறையைப் பழைய முறையில் அளந்திருந்தால், அது தன் வயது 270 கோடி என்று கூறியிருக்கும். நூறு கோடி ஆண்டுகள் காணாமல் போயிருக்கும்.

ரூபிடியம், ஸ்டிரான்ஷியம் என்ற வேறு தனிமங்களைக் கொண்டு அளந்தவர்களும் இதை ஒட்டிய வயதையே கண்டார்கள். சந்திரனின் கடல்கள் எரிமலைக் குழம்பால் ஆனவை என்பது உறுதியாயிற்று. சந்திரன் என்றுமே குளிர்ந்து கிடந்தது என்ற கொள்கை நிலைக்கவில்லை. "பாட்டி" வடை சுட்ட அடுப்பு உண்மையிலேயே எரிந்திருக்கிறது. ஆனால் அது அணைந்து முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகி விட்டது என்றே அப்போது பலரும் நினைத்தார்கள்.

ஆதியாகமக் கல்

1971-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி. அப்பல்லோ-15 வீரர்கள் ஸ்காட்டும் இர்வினும் மலையடிவாரத்தில் ஒரு சிறு பள்ளத்தின் ஓரத்தில் வெள்ளைக் கல் ஒன்றைக் கண்டார்கள். யாரோ மேடை போட்டு எடுத்து வைத்தது போல, மண் கட்டி ஒன்றின் மேல் அது உட்கார்ந்திருந்தது. தேடி வந்தது கிடைத்து விட்டது என்று ஸ்காட் மகிழ்ச்சியுடன் பூமிக்குத் தெரிவித்தார்.

எடை 269 கிராம். அனார்தோசைட் என்ற வெண்பாறை வகை. சந்திரன் முழுதும் உருகிக் கிடந்த ஆதி நாளில், பாலில் ஆடை மிதப்பது போல மேலே மிதந்து உறைந்த ஓட்டின் துண்டு அது என்று கருதினார்கள். பத்திரிகைகள் அதற்கு ஆதியாகமக் கல் என்று பெயர் சூட்டின. வயது 450 கோடியாவது இருக்கும் என்ற எதிர்பார்ப்பு எங்கும் பரவியது.

ஆர்கான் முறையில் அளந்தார்கள். கிடைத்த விடை சுமார் 410 கோடி ஆண்டுகள்!

பலருக்கும் ஏமாற்றம். ஆனால் ஆர்கான் பொய் சொல்லவில்லை. கல் எப்போது பிறந்தது என்பதை அது சொல்வதில்லை. கடைசியாக எப்போது பெருஞ்சூடு பட்டு ஆறியது என்பதையே சொல்கிறது. ஆதியில் பிறந்த கல், பின்னால் ஒரு பேரிடியில் வெந்து, பழைய வாயுவை இழந்து, கடிகாரத்தை மறுபடி பூஜ்யத்தில் இருந்து தொடங்கி விட்டது. அதே வகையைச் சேர்ந்த அப்பல்லோ-16 பாறை ஒன்றை 2011-ல் வேறு முறைகளில் அளந்தபோது 436 கோடி ஆண்டுகள் என்று தெரிந்தது.

குறை என்று கருதப்பட்டதே குணமாயிற்று. ஆர்கானைக் கொண்டு சந்திரன் பட்ட அடிகளுக்குத் தேதி குறிக்கலாம் என்று விஞ்ஞானிகள் கண்டு கொண்டார்கள்.

கல் மாரி பெய்ததா?

அங்கேதான் புதிய புதிர் எழுந்தது. அப்பல்லோ-14, 16, 17 ஆகிய பயணங்களில் மேட்டு நிலங்களில் இருந்து கொண்டு வந்த பாறைகளை அளந்தபோது, பெரும்பாலானவை 380 கோடி முதல் 400 கோடி ஆண்டுகள் என்றே காட்டின. அதற்கு முந்திய 50 கோடி ஆண்டு அடிகளின் அடையாளம் எங்கே?

அமெரிக்காவில் டெரா, பாபனாஸ்டாசியூ, வாசர்பர்க் ஆகியோரும், ஷெபீல்டில் டர்னர் குழுவினரும் இதைப் பற்றி 1973-74 ஆண்டுகளில் எழுதினார்கள். ஏறத்தாழ 390 கோடி ஆண்டுகளுக்கு முன்பு திடீரென்று சந்திரன் மீது பெருங்கல் மாரி பெய்திருக்க வேண்டும் என்ற கருத்து பரவியது.

இது சந்திரனோடு நிற்கும் விஷயம் அல்ல. சந்திரன் மீது பெய்தால் பக்கத்தில் உள்ள பூமி மீதும் பெய்திருக்கும். பூமியில் அந்தக் காலத்துப் பாறைகள் மிக அரிது. காற்றும் மழையும், கண்டங்களின் நகர்வும் அவற்றை அழித்து விட்டன. உயிர் தோன்றியது அந்த மாரிக்குப் பிறகா, முன்பே தோன்றி அதில் தப்பியதா? நம் வீட்டுப் பழைய கணக்குப் புத்தகம் எரிந்து போய், பக்கத்து வீட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கணக்கு எழுத வேண்டிய நிலை!

மாற்றுக் கருத்தும் வலுவாக உண்டு. மனிதர்கள் இறங்கிய ஆறு இடங்களும் சந்திரனின் இந்தப் பக்கத்தில் உள்ளவை. மழைக் கடல் பள்ளம் ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் அகலம் கொண்டது. அதை உண்டாக்கிய ஒரே மோதலின் சிதறலையே எல்லா இடங்களிலும் பொறுக்கி வந்திருக்கலாம் அல்லவா? மேலும், ஓரளவு வாயு இழந்த கற்கள் பல சேர்ந்தால், இல்லாத மாரியைக்கூட இருந்ததாகக் காட்டி விடும் என்று 2016-ல் இரண்டு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

போர்காட்டிலும் அதே கதை

மும்பையில் வாழும் தமிழர்களுக்கு இந்த விஷயம் அவ்வளவு தூரத்தில் உள்ளதல்ல. மும்பையிலிருந்து புனே செல்லும் ரயில் போர்காட் மலையில் ஏறும்போது ஜன்னல் ஓரம் அடுக்கடுக்காகத் தெரியும் கரும்பாறை, சந்திரக் கடல்களில் உள்ளதைப் போன்ற பசால்ட் வகையே. இதில் அடிக்கடி ஆள் ஏற்றி இறக்கும் சந்திர ரயில்தான் இல்லை!

தக்காணத்தில் இந்தக் குழம்பு பொங்கியது ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. இதையும் சொன்னது ஆர்கான்தான். வெங்கடேசன், பாண்டே, கோபாலன் ஆகியோர் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளை இதே முறையில் ஆராய்ந்து 1993-ல் கட்டுரை வெளியிட்டார்கள். பொவாய் ஐ.ஐ.டி.யிலும் இம்முறைக்கான ஆய்வுக் கூடம் உண்டு. நியூட்ரான் அடி வாங்குவதற்காக இந்தியக் கற்கள் டிராம்பே அணு உலைக்குப் போய் வந்திருக்கின்றன.

தமிழ்நாட்டுக்கும் ஓர் உறவு இருக்கிறது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைப்பது அனார்தோசைட். ஆதியாகமக் கல்லின் வகை. சந்திரயான்-2 திட்டத்துக்காகச் சந்திர மண்ணைப் போன்ற செயற்கை மண் தேவைப்பட்டபோது, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பாறையைப் பொடி செய்தே அதைத் தயாரித்தது. 2023 ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரயான்-3 தென் துருவப் பகுதியில் இறங்கி மண்ணைச் சோதித்தபோதும், அதே வகைப் பாறையின் தன்மையே தென்பட்டது.

மறுபக்கம் பேசுகிறது

2020 டிசம்பரில் சீனாவின் சாங்-5 கலம் 1,731 கிராம் மண்ணுடன் திரும்பியது. அதில் இருந்த எரிமலைப் பாறையின் வயது சுமார் 200 கோடி ஆண்டுகளே. அடுப்பு நினைத்ததைவிட வெகு காலம் எரிந்திருக்கிறது! 2024 ஜூனில் சாங்-6 கலம், பூமியில் இருந்து பார்த்தால் என்றும் தெரியாத மறுபக்கத்தில் இருந்து 1,935 கிராம் கொண்டு வந்தது. அங்குள்ள மிகப் பெரிய பள்ளம் 425 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உண்டானது என்று சீன விஞ்ஞானிகள் 2025-ல் தெரிவித்தார்கள். 390 கோடிக்கு முன்பும் பெரிய அடிகள் விழுந்திருக்கின்றன என்பதற்கு இது ஒரு சாட்சி.

சந்திரனில் இருந்து கல்லும் மண்ணும் கொண்டு வரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. அது வெற்றி பெற்றால், தென் துருவப் பகுதிக் கல்லிடமும் அந்தப் பழைய கேள்வியைக் கேட்கலாம்.

பதில் சொல்லப் போவது என்னவோ, குண்டு பல்புக்குள்ளும் நாம் விடும் மூச்சிலும் ஒரு வேலையும் செய்யாமல் இருந்து கொண்டிருக்கும் அந்தச் சோம்பேறி வாயுவாகவும் இருக்கலாம். எதனுடனும் சேராமல் சும்மா இருந்ததால்தான், கோடானு கோடி ஆண்டுகளின் கணக்கை அதனால் மாறாமல் காத்து வைத்திருக்க முடிந்தது!